செர்ரி இல்லாத பீப்பாய்

குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். அப்படித்தான் அமைந்தது.

குருவின் பெயர் பெர்னதெத். புதுச்சேரியில் ஒரு சின்ன பீர் ஆலையில் காய்ச்சுவது, கலப்பது, ருசி பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பெல்ஜியத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். பீர்ப் போட்டி நடந்தால் நடுவர் மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

சீடரின் பெயர் தணிகாசலம். பெர்னதெத்துக்குப் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி எடுத்தவர். முப்பத்து மூன்று வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்திய கை. ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையை விட்டுச் சிவப்புப் பேனா இறங்கவில்லை.

பெர்னதெத்தை அவர் மறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பள்ளியில் ஒரு செய்முறைத் தேர்வு. சோதனைக் குழாயில் உப்பைப் போட்டுச் சூடாக்க வேண்டும், வருகிற வாயுவை முகர்ந்து பார்த்து எழுத வேண்டும். வகுப்பே 'மூக்கைத் துளைக்கும் நெடியுடைய வாயு' என்று எழுதியது. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பெர்னதெத் மட்டும் 'பஸ் ஸ்டாண்டு பின்பக்கச் சந்து நெடி' என்று எழுதினாள். தணிகாசலம் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, இரண்டு மார்க்கைக் குறைத்தார்.

அந்தச் சந்து இன்றும் அவர் ஊரில் அதே இடத்தில்தான் இருக்கிறது. நெடியும் இடம் மாறவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சிலர் ரோஜாச் செடி வைப்பார்கள், சிலர் வாக்கிங் போய் அரசியல் பேசுவார்கள். தணிகாசலம் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு பீர்ப் போட்டியைப் பார்த்துவிட்டார். பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து, முகர்ந்து, குடித்து, தாளில் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மார்க் போடுறதுக்குச் சரக்கும் குடுக்குறாங்களா?" என்று மகனிடம் கேட்டார். "நான் முப்பத்து மூணு வருஷம் வெறும் டீயில ஓட்டிட்டேனேடா."

அதே மேசையின் கடைசியில் பெர்னதெத் உட்கார்ந்திருந்தார். சாரை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றார். அன்றைக்கே தணிகாசலம் சீடராகச் சேர்ந்துவிட்டார். ஆலைக்கு உள்ளே அவர் பெர்னதெத்தை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். பெர்னதெத் அவரை எங்கேயும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நாள் பாடம் வாசலிலேயே நடந்தது.

"தலையில எண்ணெயா சார்?"

"லேசா."

"வேணாம். பவுடரும் வேணாம். விபூதி?"

"சுத்தமான விபூதிம்மா."

பெர்னதெத் எட்டி நின்று முகர்ந்தார். "பன்னீர் கலந்தது. இனிமே வீட்டுக்குப் போய்ப் பூசிக்குங்க. காபி எத்தனை மணிக்கு?"

"இப்பதான், பஸ் ஏறும்போது."

"நாளையிலேர்ந்து ரெண்டு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுங்க."

"மீசை?"

"மீசை உங்க இஷ்டம் சார். நுரை ஒட்டும். முதல் கிளாஸ் வாசனை மூணாவது கிளாஸ் வரைக்கும் மூக்குக்குக் கீழேயே குடியிருக்கும்."

தணிகாசலம் முப்பத்தெட்டு வருஷத்து மீசையை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவர் மனைவி சௌந்தரவல்லி, "யாரு வேணும்?" என்று கேட்டார்.

எட்டு மாதம் ஓடியது. தணிகாசலம் நல்ல சீடர். ருசி பார்க்கும்போது முகம் சுளிக்கக் கூடாது, 'ம்' என்றுகூடச் சொல்லக் கூடாது என்பது நடுவர்களின் வழக்கம். பக்கத்தில் இருப்பவரின் தீர்ப்பு கெட்டுவிடும். தணிகாசலத்துக்கு அது பழகிய வேலை. பரீட்சை ஹாலில் நின்ற முகம் அது. ஒரு கிளாசுக்கும் இன்னொரு கிளாசுக்கும் நடுவில் மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முழங்கை மடிப்பை முகர வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்வார்.

நடுவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த பீருக்கு என்ன மணம் என்று கேட்டால் பக்க எண்ணோடு சொல்வார். ஓரத்தில் பென்சிலால் மார்க்கும் பிரித்து வைத்திருந்தார். செர்ரிக்கு இரண்டு, அத்திப்பழத்துக்கு ஒன்று, இப்படி.

பெர்னதெத் அந்தப் பென்சில் குறிப்புகளைப் பார்த்திருக்கிறார். ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தணிகாசலம் வந்தபோது, குரு மூக்கு சிவந்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் லேபிள் ஒட்டாத ஒரு பாட்டில். பக்கத்தில் ஒரு கடிதம்.

"படிங்க சார்," என்றார் பெர்னதெத். குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது.

தணிகாசலம் படித்தார்.

'அக்காவுக்குத் திம்மராயன் வணக்கம். பெல்ஜியம் புளிப்பு பீர், பழுப்புல வருமே, அது ஒரு பீப்பாய் போட்டு வச்சிருக்கேன். பதினாறு மாசம் ஆகுது. சரியா வந்திருக்கா, கெட்டுப்போச்சான்னு எனக்கே தெரியல. தினமும் குடிச்சுப் பாத்து நாக்கு மரத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னண்டரைக்குப் பீப்பாயக் காலி பண்ணணும்னு முதலாளி சொல்லிட்டார். நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா பாட்டில்ல அடைச்சிடுவேன். இல்லேன்னா கொட்டிடுவேன். நீங்க சொன்னா முதலாளி கேப்பார். ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா.'

திம்மராயன் ஓசூர்க்காரர். பெங்களூரில் ஓர் ஆலையில் பீர் காய்ச்சுகிறார். பெர்னதெத்திடம் ஒரு வருஷம் வேலை கற்றவர்.

"பாட்டில் நேத்தே வந்துருச்சு சார்," என்றார் பெர்னதெத். "என் மூக்குதான் இன்னும் வரல. பெருங்காய டப்பாவைத் திறந்து வச்சாலும் தெரியாது. இன்னைக்கு நீங்கதான்."

"நானா?"

"தாள்ல உங்க கையெழுத்துதான். சரியா அமைஞ்சா ஜனவரிப் போட்டிக்கு உங்க பேர அனுப்புறேன்."

தணிகாசலம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எட்டு மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் காபியைத் துறந்திருந்தார். சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மற்ற பீர் புளித்தால் கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். இந்த பீர் புளிக்கவே வேண்டும். பாலைத் தயிராக்குகிற ஜாதிக் கிருமிதான் இதிலும் வேலை செய்கிறது. ஆனால் ஒரு ராத்திரியில் முடிக்காமல் ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தடிக்கும். புளிப்பு எந்த இடத்தில் ருசி, எந்த இடத்தில் கெடுதல் என்று சொல்லத்தான் நடுவர் வேண்டியிருக்கிறது.

பெர்னதெத் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த பாட்டிலைத் திறந்து கிளாசில் ஊற்றினார். தணிகாசலம் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல பழுப்பு. ஓரத்தில் சிவப்பு. முகர்ந்தார். ஒரு மிடறு விழுங்கினார். முழங்கையை முகர்ந்தார். இன்னொரு மிடறு. பிறகு பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். இருபது நிமிஷம் தலை நிமிரவில்லை.

"படிக்கட்டுமா டீச்சர்?"

"படிங்க."

"நிறம் சரி, மூணுக்கு மூணு. மணம், பன்னண்டுக்கு நாலு. கருஞ்செர்ரி மணம் மிக மங்கல். ஷெர்ரி ஒயினின் சாயல் காணப்படவில்லை. அத்திப்பழம் தெளிவாக இல்லை. பேரீச்சம்பழம் ஓரளவு உண்டு. சுவை, இருபதுக்கு ஒன்பது. புளிப்பு இருக்கிறது, ஆனால் செர்ரிப் பழத்தின் புளிப்பு அல்ல. மற்றவை பதினஞ்சுக்கு எட்டு. மொத்தம் அம்பதுக்கு இருபத்து நாலு."

"இருபத்து நாலுன்னா?"

"ஃபெயில்தான்."

"அப்போ கொட்டச் சொல்லிடலாமா?"

தணிகாசலம் பாட்டிலைப் பார்த்தார். "பதினாறு மாசம். பாவமாத்தான் இருக்கு. ஆனா டீச்சர், மார்க்குன்னா மார்க்குதான்."

பெர்னதெத் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். கடிகாரத்தில் மணி பதினொன்று.

"சார், ஷெர்ரி குடிச்சிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்."

"அத்திப்பழம்?"

"அது தெரியும். டாக்டர் தினம் ரெண்டு சாப்பிடச் சொன்னார். கயித்துல கோத்து விப்பாங்களே, அது."

"பேரீச்சம்பழம் சொல்லவே வேணாம். செர்ரி?"

"நல்லாக் கேட்டீங்க டீச்சர்," என்று தணிகாசலம் சிரித்தார். "உங்க அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸ்கூலுக்குக் கேக் குடுத்தனுப்புவாங்களே. மேல சிவப்பா, உருண்டையா, தித்திப்பா. ஸ்டாஃப் ரூம்ல எனக்கும் தமிழ் ஐயாவுக்கும் அதுக்குத்தான் சண்டையே."

பெர்னதெத் கஷாயத்தை வைத்துவிட்டு எழுந்தார்.

"எங்க டீச்சர்?"

"முக்குல இருக்குற பேக்கரிக்கு. கிளாஸைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."

பத்து நிமிஷத்தில் ஒரு சின்னப் பாக்கெட்டோடு திரும்பினார். உள்ளே சிவப்புச் சிவப்பாக, பிசுபிசுவென்று செர்ரி. பாக்கெட்டைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார்.

"பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க."

தணிகாசலம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோனார். "சர்க்கரை. கரோண்டா. நிறமி." நிமிர்ந்தார். "கரோண்டாவா? செர்ரின்னு முன்னாடி போட்டிருக்கே. கரோண்டான்னா என்ன?"

பெர்னதெத் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். தயிர்ச் சாதத்துக்கு அவர் தினமும் கொண்டுவருவது. உப்பிலும் மிளகாயிலும் ஊறிய களாக்காய்.

தணிகாசலம் பாட்டிலைப் பார்த்தார். பாக்கெட்டைப் பார்த்தார்.

"இது அதுவா?"

பெர்னதெத் பாக்கெட்டிலிருந்து இரண்டை எடுத்து வெந்நீரில் போட்டுக் கசக்கினார். தண்ணீர் ரோஜா நிறமாக மாறியது. மறுபடியும் வேறு வெந்நீர். சாயமும் சர்க்கரையும் போகப் போக, உருண்டை சுருங்கி, வெளிறிப்போய் நின்றது. எடுத்துச் சீடரிடம் நீட்டினார். தணிகாசலம் வாயில் போட்டு மென்றார். கடைசியில் ஒரு துவர்ப்பு நாக்கின் ஓரத்தைப் பிடித்தது.

"களாக்காய்," என்றார் மெதுவாக.

"ஊர்ல செர்ரின்னு விக்கிறது பாதிக்கு மேல இதான் சார்."

தணிகாசலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "எட்டு மாசமா செர்ரி இருக்கு, செர்ரி இல்லன்னு மார்க் போட்டுட்டு இருக்கேன். நான் செர்ரியைக் கண்ணால கூடப் பாத்ததில்ல."

"கண்ணால பாத்திருக்கீங்க. படத்துல."

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். எனக்கு இந்த வேலைக்குத் தகுதியே இல்ல." அவர் பேனாவைப் பையில் குத்திக்கொண்டு எழுந்துவிட்டார். "நீங்க வேற யாரையாவது கூப்பிட்டு…"

"மணி பதினொன்னே கால் சார். பெங்களூருல ஒருத்தன் பீப்பாய் பக்கத்துல நின்னுட்டு இருக்கான். வேற மூக்குக்கு நான் எங்க போவேன்?"

தணிகாசலம் நின்றார். திரும்ப உட்கார்ந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"நான் என்ன செய்யணும்?"

"சிவப்புப் பேனா இருக்கில்ல? நீங்க வாயில வச்சுப் பாக்காதது எதெல்லாம் தாள்ல இருக்கோ, அதெல்லாம் அடிங்க."

சிவப்புப் பேனா வெளியே வந்தது. கருஞ்செர்ரி போயிற்று. ஷெர்ரி போயிற்று. செர்ரியின் புளிப்பு போயிற்று. முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் எந்தப் பையனின் தாளையும் இப்படி அடித்ததில்லை. முடிவில் நிறமும் அத்திப்பழமும் பேரீச்சம்பழமும் அவர் கையெழுத்தும்தான் மிஞ்சின.

"பேருக்குக் கையெழுத்து இருக்கே, அது வரைக்கும் லாபம்," என்றார் பெர்னதெத்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேசையில் இருந்த கிளாஸ் இதற்குள் சில்லிப்பை விட்டிருந்தது. பெர்னதெத் அதை அவர் பக்கம் நகர்த்தினார். தனக்கு ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்.

"எனக்கு மூக்கு இல்ல சார். இந்த கிளாஸ்ல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க. நானும் குடிக்கணும்."

"எதுலேர்ந்து ஆரம்பிக்க? மணமா, தோற்றமா?"

"மூக்கடைச்சுப் படுத்திருக்குற வீட்டுக்காரிக்கு என்ன குழம்புன்னு சொல்ற மாதிரி சொல்லுங்க."

தணிகாசலம் கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். ஏதோ மேலெழுந்து வந்தது. அரை மணிக்கு முன்னால் அது அங்கே இல்லை, அல்லது அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"உலர்பழ வகை மணம், மிதமான…"

"தெரியல சார்."

"பழத்தன்மை வாய்ந்த புளிப்பு."

"ஒன்னும் தெரியல."

அவர் மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"புளி," என்றார். "புளி மாதிரி இருக்கு."

"எந்தப் புளி? புதுப் புளியா?"

"சேச்சே. புதுப் புளின்னா பல்லு கூசுமே. இது பழம்புளி. உப்புப் போட்டு ஜாடில அடைச்சு ரெண்டு வருஷம் ஆனது. கறுப்பா, கையில ஒட்டும் பாருங்க. எங்க வீட்டுல சித்திரையில ஜாடியத் திறந்தா அடுத்த ரூம்ல இருக்குறவனுக்கு எச்சி ஊறும்."

பெர்னதெத்தின் தொண்டை அசைந்தது. "ம். கொஞ்சம் கொஞ்சமா வருது. அப்புறம்?"

"கருப்பட்டி. இல்ல, கருப்பட்டிப் பாகு. அடுப்புல வச்சுட்டுப் போன் பேசப் போயிட்டோம்னு வச்சுக்குங்க. தீஞ்சிடல. தீயுறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இறக்கிட்டோம்."

"நல்லது. யாரு இறக்கினது?"

"சௌந்தரவல்லி. நான் இறக்கியிருந்தா தீஞ்சிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். தணிகாசலம் இன்னொரு வாய் குடித்தார். நடுவர் முகம் போய்விட்டிருந்தது. புருவம் ஏறியது, இறங்கியது. 'ம்' என்றுகூடச் சொன்னார்.

"காடி நெடி, வினிகர் மாதிரி, அடிக்குதா சார்? அது ஏறியிருந்தா அவ்வளவுதான்."

"நிக்குது. தூரத்துல. பக்கத்து வீட்டுல யாரோ ஊறுகாய் போடுற அளவுக்கு. நம்ம வீட்டுக்குள்ள வரல."

"அடியில வேற ஏதாவது?"

தணிகாசலம் கிளாஸைச் சாய்த்து, கடைசி வாயை நாக்கில் நிறுத்தினார். அவர் முகம் மாறியது. மேசை மேல் வெந்நீரில் கிடந்த இன்னொரு உருண்டையைப் பார்த்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"களாக்காய்."

"ஊறுகாயா? காயா?"

"ரெண்டும் இல்ல. பழம். பழுத்துக் கறுத்த களாப்பழம். முதல்ல தித்திக்குது, நடுவுல புளிக்குது, முழுங்கின அப்புறம் ஓரத்துல துவர்க்குது." அவர் குரல் உயர்ந்தது. "இது முதல்லயே இருந்துது டீச்சர். எனக்கு ஏதோ தெரிஞ்சுது. ஆனா நான் கேக்கு மேல இருக்குற தித்திப்பைத் தேடிட்டு இருந்தேன்."

பெர்னதெத் கண்ணைத் திறந்தார். தன் கிளாஸிலிருந்து குடித்தார்.

"இப்போ எனக்கும் தெரியுது," என்றார்.

"மூக்கு திறந்துருச்சா?"

"இல்ல." கஷாயத்தை எடுத்துக்கொண்டார். "சொல்லுங்க சார், கொட்டிடலாமா?"

"ஐயையோ!" தணிகாசலம் எழுந்தே நின்றுவிட்டார். "யாராவது கொட்டுவாங்களா இத? மணி என்ன? போனைப் போடுங்க முதல்ல!"

பெர்னதெத் அவசரப்படவில்லை. மேசையைச் சுட்டினார். "முதல் தாள் எழுதி முடிச்சப்போ உங்க கிளாஸ்ல எவ்வளவு மிச்சம் இருந்துது?"

"முக்கால்வாசி."

"இப்போ?"

தணிகாசலம் கிளாஸைப் பார்த்தார். காலி. எப்போது காலியானது என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் புதுத் தாளை எடுத்து எழுதினார். இந்தத் தடவை ஏழே நிமிஷம். பழம்புளி, கருப்பட்டிப் பாகு, பேரீச்சம்பழம், களாப்பழம். மொத்தம் நாற்பத்தொன்று. கையெழுத்துப் போடும்போது மட்டும் தயங்கினார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். ஜனவரில மேசையில வெள்ளைக்கார நடுவர் யாராவது பக்கத்துல உக்காந்து, களாப்பழம்னா என்னன்னு கேட்டா?"

பெர்னதெத் ஊறுகாய் பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகி, அதைத் தணிகாசலத்தின் பையில் வைத்தார்.

"காரம் கொஞ்சம் தூக்கல். பாத்துக் குடுங்க."

மணி பன்னிரண்டு ஐந்து. பெர்னதெத் பெங்களூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் திம்மராயன்.

"அக்கா, சொல்லுங்க. முதலாளி பக்கத்துலதான் நிக்கிறார். குழாய் மாட்டி வச்சிருக்கு, திறக்க வேண்டியதுதான் பாக்கி."

"குழாயைத் தொடாத. சார் பேசுவார்."

தணிகாசலம் தாளைப் படித்தார். பழம்புளி ஜாடியைப் படித்தார், ஒரு நிமிஷம் முன்னால் இறக்கிய பாகைப் படித்தார், பக்கத்து வீட்டு ஊறுகாயைப் படித்தார். மறுமுனையில் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா தம்பி?"

"இருக்கேன் சார்." குரல் தழைந்திருந்தது. "செர்ரி பத்தி ஒன்னும் சொல்லலீங்களே. அது வரலியேன்னுதான் சார் நானே கொட்டிடலாம்னு இருந்தேன். எல்லாப் புத்தகத்துலயும் செர்ரி செர்ரின்னு போட்டிருக்கு. ரெண்டு வாரமா மோந்து மோந்து பாக்குறேன், கிடைக்கல."

தணிகாசலம் குருவைப் பார்த்தார். குரு கஷாய டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க செர்ரி சாப்பிட்டிருக்கீங்களா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? கேக்கு மேல வைப்பாங்களே!"

பெர்னதெத்துக்குக் கஷாயம் புரையேறிவிட்டது. அவர் இருமி முடிக்கும்வரை தணிகாசலம் பொறுத்திருந்தார். அவருக்கும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"அது இருக்கு தம்பி," என்றார். "உங்க பீப்பாய்ல அதேதான் இருக்கு. சக்கரையும் சாயமும் மட்டும் இல்ல. அப்புறமா அக்காகிட்ட கேளுங்க, விவரமாச் சொல்லுவாங்க."

"அப்போ… நல்லா இருக்குங்களா சார்?"

தணிகாசலம் தாளில் இருந்த நாற்பத்தொன்றைப் பார்த்தார். அதைச் சொல்ல வாயெடுத்து, வேறு சொன்னார்.

"கிளாஸ் காலி ஆயிருச்சு தம்பி. முதலாளிகிட்ட அதைச் சொல்லுங்க."

மறுமுனையில் யாரிடமோ கன்னடத்தில் ஏதோ சொன்னார் திம்மராயன். யாரோ பதில் சொன்னார்கள். பிறகு ஒரு கூச்சல் கேட்டது. பாட்டில் கொண்டுவரச் சொல்லித்தான் அந்தக் கூச்சல். திம்மராயன் 'அக்கா, அக்கா' என்று நாலு தடவை சொன்னார். அப்படியே போனை வைத்துவிட்டார்.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை.

"ஜனவரிக்குப் பேர் அனுப்பிடறேன் சார்," என்றார் பெர்னதெத்.

"டீச்சர், ஒரு நிமிஷம்."

அவர் அடித்துக் குதறிய முதல் தாளை எடுத்துத் திருப்பிப் போட்டார். சிவப்புப் பேனாவைத் திறந்தார். வெள்ளையான பின்பக்கத்தில் நிதானமாக எழுதினார். 'பெர்னதெத். செய்முறைத் தேர்வு. கூட்டல் 2.' கீழே கையெழுத்து, தேதி. திருத்திய பேப்பரை மாணவியிடம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன சார் இது?"

"அன்னைக்கு நான் குறைச்சது. இருபத்தாறு வருஷம் லேட்டு. மன்னிச்சிடு பெர்னதெத்."

பெர்னதெத் தாளை வாங்கிப் படித்தார். சளியோ வேறென்னவோ, மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொண்டார்.

"அன்னைக்கு மார்க் குறைக்கும்போது அந்தக் குழாயை மோந்து பாத்தீங்களா சார்?"

"இல்ல. பேப்பரைத்தான் பாத்தேன்."

"பஸ் ஸ்டாண்டு பின்பக்கச் சந்து?"

"அங்க யாரு போவா? மூக்கைப் பொத்திட்டு இந்தப் பக்கமா வந்துடுவேன்."

பெர்னதெத் தாளை மடித்து, அவர் சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருக்கும் இடத்தில் வைத்தார்.

"சாயங்காலம் நீங்க இறங்கப்போறது அதே பஸ் ஸ்டாண்டுதானே சார்? போய் மோந்து பாத்துட்டு வந்து, அப்புறம் மார்க் போடுங்க."

தணிகாசலம் பேனாவை மூடினார்.